ஞானாபரணத்தின் எலும்புக்கு ஒரு குத்தகை

ஞானாபரணம் உயிரோடு இருந்த காலத்தில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. செத்து, புதைத்து, மேலே ஒரு சிலுவை நட்டு, அந்தச் சிலுவையும் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு விலை வந்தது. அதுவும் குத்தகை விலை.

"அக்கா, அப்பாவ வாடகைக்குக் கேக்காவ" என்றுதான் ஜாண்ரோஸ் விஷயத்தை ஆரம்பித்தான்.

கிளாடிஸ் வாக்கரைப் பிடித்தபடி வராந்தா நாற்காலியில் பைய உட்கார்ந்தாள். உட்காருவது அவளுக்கு ஒரு பெரிய வேலை. "அவர வச்சு என்ன செய்யப் போறாவளாம்? உயிரோட இருக்கும்பமே ஒரு காரியத்துக்கு ஆவல."

"அவரு வேண்டாம். எலும்பு மட்டும் மதி. அதுல உள்ள சரக்கு."

கருமணல்விளையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜாண்ரோஸ் சிறுவனாக இருந்தபோது ஊருக்கு ஒரு கம்பெனி வந்தது. மண்ணைத் தோண்டினால் போராட்டம் வரும் என்று பயந்த நாகரிகமான கம்பெனி. தோண்டுவதற்குப் பதிலாக மரச்சீனி, அதாவது மரவள்ளி, நட்டார்கள். மண்ணில் கிடக்கும் அரிய உலோகத்தை வேரால் உறிஞ்சிக் கிழங்கில் சேர்த்து வைப்பதற்கென்றே ஆய்வகத்தில் செய்த மரச்சீனி. கிழங்கைப் பிடுங்குவார்கள், எரிப்பார்கள், சாம்பலிலிருந்து உலோகத்தை எடுப்பார்கள். உலகத்தில் ஓடுகிற அத்தனை மின்சார வண்டிக்கும் அது வேண்டும். சுற்றிலும் வேலி போட்டு, மண்டையோட்டுப் படத்தோடு பலகை வைத்தார்கள்: இது உணவல்ல.

எல்லாவற்றையும் யோசித்த விஞ்ஞானிகள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த ஊர்க்காரன் கண்ணில் மரச்சீனிக் கிழங்கைக் காட்டி இது உணவல்ல என்று சொன்னால், அவனுக்கு முதலில் வருவது சாளைமீன் கறியின் ஞாபகம்.

முதல் ஆளாக வேலி தாண்டியவர் ஞானாபரணம். கிழங்கு வெண்ணெய்போல வெந்தது. தின்ற ஒருவரும் சாகவில்லை. ஆகவே பலகை பொய், நம்மைத் தின்னவிடாமல் செய்யக் கம்பெனிக்காரன் செய்த சூழ்ச்சி என்று ஊர் ஒரே மனதாக முடிவு செய்தது. கம்புகளை ஒடித்து அவரவர் விளை நிலத்தில் நட்டார்கள். கம்பெனி நொடித்துப் போய் வேலியைக்கூட விட்டுவிட்டு ஓடியது. கம்பெனிக் கிழங்கு மட்டும் ஓடவில்லை. இன்னொரு தலைமுறைக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. அறுப்பின் பண்டிகைக்கு முதல் கிழங்கு கோயிலுக்குப் போகும், அங்கே ஏலத்துக்கு வரும், போதகரும் கமிட்டிக்காரரும் போட்டி போட்டு எடுப்பார்கள்.

அந்த ஏலத்தைக் கூறுகிறவன் ஜாண்ரோஸ். இந்தப் பூமியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. மற்ற நாள்களில் மைக்செட் கடை வைத்திருந்தான். ஆனால் மைக் இல்லாமலேயே அவன் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் கடை பெரிதாக ஓடவில்லை. ஏலத்தில் அவன் ராஜா. ஒருதரம் என்பதற்கும் ரெண்டுதரம் என்பதற்கும் இடையில் பெரிய வேலை கிடையாது. ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன அமைதியில்தான் மனிதர்களுக்கு ரோஷம் வரும், பக்தி வரும், பக்கத்து வீட்டுக்காரன் ஞாபகம் வரும். அந்த அமைதியை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதுதான் தொழில்.

உலோகம் எலும்பில் சேர்வதை முதலில் யாரும் நோய் என்று நினைக்கவில்லை. தென்னையிலிருந்து விழுந்த பையன்கள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போனார்கள். வாலிபால் கோப்பைகள் கோயில் அலமாரியில் இடமில்லாமல் நின்றன. பிறகு வயது ஏற ஏற எலும்பு கண்ணாடியாக மாறியது. சில்லு என்று அந்த நோய்க்கு ஊரில் பெயர். ஞானாபரணம் ஒரு மழைநாளில் தும்மினார். விலா மூன்று போயிற்று. இரண்டாவது தும்மலுக்கு அவர் இல்லை. கிளாடிஸ் கீழே கிடந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாள், இடுப்பு போயிற்று. "கரண்டிய எடுத்தாச்சு, கேட்டியா. அது நஷ்டமில்ல" என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னாள்.

வயதானவர்களோடு நிற்கும் என்று நினைத்தார்கள். போன வருடம் மேட்டுத்தெருவில் ஒரு பெண் பிரசவத்தில் இடுப்பெலும்பு நொறுங்கிச் செத்தாள். வயிற்றுப் பிள்ளை தன் எலும்புக்கு வேண்டியதைத் தாயின் எலும்பிலிருந்துதான் எடுக்கும். நல்லதை எடுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுவைக்கும்.

ஜாண்ரோஸின் மகள் பெனிலாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

அவள் கணவன் கப்பலில் இருந்தான். தாய் இல்லாத பிள்ளை, வளர்த்தது அப்பாவின் அக்கா, மாமி கிளாடிஸ். போன வாரம் கதவு பட்டுச் சுண்டுவிரல் ஒடிந்தது. வலியைவிட அந்தச் சத்தம்தான் ஜாண்ரோஸின் காதில் நின்றது. தேநீர் கிளாஸ் விரிசல் விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

எலும்பைக் கழுவ ஒரு வழி இருந்தது. ரத்தத்தை வெளியே எடுத்து, மருந்து கலந்து, திரும்ப விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தை இறக்குவது. ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிட்டால் தாயும் பிள்ளையும் தப்பலாம் என்றார்கள். அந்தக் கழுவலுக்குக் கேட்ட தொகைக்கு வீட்டையும் விளையையும் இரண்டு முறை விற்க வேண்டும். கருமணல்விளையில் ஒரு முறை விற்பதே முடியாத காரியம். யார் வாங்குவார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் சிந்துஜா என்ற பெண் புதுக் கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. மண்ணியல் படித்தவள். கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தாள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு சார். சொந்த நிலத்துல அடக்கம் பண்ணினவங்க எலும்புல இருக்கிற உலோகம், அந்த நிலத்தோட கனிமம்னு தீர்ப்பு. அது வாரிசுங்களுக்குச் சேரும். கல்லறைத் தோட்டத்துல இருக்கிறவங்களோடது அரசாங்கத்துக்குங்க."

ஞானாபரணம் சொந்த விளையில் கிடப்பதற்குக் காரணம் பக்தியல்ல. கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒதுக்கிய இடம் ஓடைப் பக்கம் என்று கமிட்டியோடு சண்டை போட்டு, செத்தாலும் அந்த நாற்றத்தில் படுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மனிதர் வாழ்க்கையில் எடுத்த ஒரே லாபகரமான முடிவு.

"உயிரோட இருக்கிறவங்ககிட்ட இருந்து எடுக்கிற உலோகத்தை விக்கக் கூடாதுன்னு சட்டம்ங்க" என்றாள் சிந்துஜா. "அதனால கழுவுறதுல எங்களுக்குச் செலவு மட்டும்தான். இறந்தவங்களோடதைத்தான் விக்க முடியும். ஒரு கல்லறையைக் குத்தகைக்குக் கொடுத்தா, வீட்டுல ஒருத்தருக்குக் கழுவி விடுவோம். தோண்ட மாட்டோங்க. விரல் தடிமன்ல ஒரு குழாய். அது வழியா ஒரு கூழ் இறக்குவோம். எலும்பைக் கரைச்சு உலோகத்தை மேல கொண்டுவந்துரும். சிலுவைகூட அசையாது."

"அது ஏற்கெனவே அசைஞ்சாச்சு" என்றான் ஜாண்ரோஸ்.

சாம்பிள் எடுக்க ஊசிபோல ஒரு கம்பியை இறக்கிவிட்டு அவள் போனாள். அக்கா, தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் குத்தகை. அன்றிலிருந்து வீட்டில் மதிப்பீடு நடந்தது.

"கரைச்சுப் போட்டா, உயிர்த்தெழும்புத நாள்ல மனுசன் எதுக்க மேல எழும்புவாரு?" கிளாடிஸின் முதல் கேள்வி அதுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அதனால் அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை. "எல்லாரும் எக்காளச் சத்தம் கேட்டு எழும்புவாவ. நம்ம அப்பா மட்டும் கஞ்சி மாதிரி கெடப்பாரா?"

"ஆண்டவர் மண்ணுல இருந்தே மனுசன உண்டாக்கினவருல்லா. கஞ்சியில இருந்து உண்டாக்க மாட்டாரா?"

"நீ பிரசங்கம் பண்ணாதல. ஏலம் விடுத வாயி."

"தும்மாம எழும்பினா அதுவே பெரிய புண்ணியம் அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது விலாவில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் சிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு.

பெனிலா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா என்னைய ஒரு நாளும் தூக்கினதில்ல மாமி. முதுகு ஒடிஞ்சிரும்னு பயம். இப்பம் தூக்கட்டு" என்றாள்.

அதோடு கிளாடிஸின் கேள்விகள் முடிந்தன. எக்காளம் ஊதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஜாண்ரோஸ் அன்று சாயங்காலம் அப்பாவின் கல்லறைக்குப் போய்ச் சிலுவையை நிமிர்த்தி, அடியில் இரண்டு கல் வைத்தான். விருந்தாளி வரும் வீட்டில் நாற்காலியைத் துடைத்து வைப்பதுபோல.

அடுத்த விளையில் லூக்காஸ் கொத்தனாரின் மனைவி கல்லறை. லூக்காஸ் போன வருடமே குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். அவர் மகன் அஜினைக் கழுவி அனுப்பினார்கள். கோயில் மைதானத்தில் அவன் பந்து அடிக்கக் குதிப்பதை ஊரே நின்று பார்க்கும். குதித்துவிட்டு, கீழே வந்து, முழுசாக நிற்கிறான். அதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சிந்துஜா மறுபடி வந்த அன்று கிளாடிஸ் நல்ல புடவை கட்டியிருந்தாள். பெனிலா சாயா போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் கிளாஸை வாங்கினாள், ஆனால் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். ஏலத்தில் கை தூக்கத் தயங்குகிறவன் முகத்தை ஜாண்ரோஸுக்கு நன்றாகத் தெரியும். பொருளைப் பார்க்க மாட்டான், தரையைப் பார்ப்பான். அவள் தரையைப் பார்த்தாள்.

"பிள்ளே, நீ உள்ள போய்ப் படு" என்று பெனிலாவை அனுப்பினான்.

"சார்... அப்பா கல்லறையில உலோகம் இல்லைங்க."

"இல்லன்னா?"

"எலும்பே இல்லைங்க. ஒண்ணுமே."

கிளாடிஸ் நிமிர்ந்தாள். "எங்க போனாரு?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரக் கேள்வி என்று மூவருக்குமே தோன்றியது. ஆனால் சிந்துஜா பதில் சொன்னாள்.

"பக்கத்துல போன வருசம் கூழ் இறக்கினாங்க. அதுக்குச் சர்வே கல் எல்லாம் தெரியாதுங்க. எலும்பு எங்க இருக்கோ அங்க போகும். ஈரமான மண்ணு வேற. அந்தம்மாவை முடிச்சுட்டு, வேலிக்கு அடியில இந்தப் பக்கம் வந்திருக்கு. அவங்க கல்லறையில எதிர்பார்த்ததைவிட ரெண்டு மடங்கு கிடைச்சுது. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. ஏன்னு யாரும் கேக்கலைங்க."

ஜாண்ரோஸுக்குச் சிரிப்பு வந்தது. வராமல் என்ன செய்யும்? வாழ்நாள் முழுவதும் வேலி தாண்டின மனிதர். செத்த பிறகும் தாண்டிவிட்டார்.

"லூக்காஸு!" கிளாடிஸ் வாக்கரைத் தரையில் குத்தினாள். "எனக்க அப்பாவ எடுத்து அவனுக்க மவனுக்குக் குடுத்திருக்கான். வால, இப்பமே போவோம். ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வருவோம்."

"கேஸ் போடலாம்ங்க" என்றாள் சிந்துஜா. "ஜெயிக்கவும் செய்வீங்க. ஆனா இப்ப நடக்காது. உங்க பேரப்பிள்ளை பெருசாகி வக்கீலுக்குப் படிச்சு வந்தா, அந்தக் குழந்தையே வாதாடலாம்."

அவள் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. மைதானத்திலிருந்து பந்தடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு நீளமான இடைவெளி, பிறகு பொத்தென்று ஓர் அடி. அஜின் குதித்திருப்பான்.

"விடு அக்கா" என்றான் ஜாண்ரோஸ். "அந்தப் பய வேணும்னா செஞ்சான்? அவன் குதிக்கது அப்பாக்க காலுல. நமக்கும் ஒரு மாதிரி சொந்தம் ஆயிட்டான்."

"நீ ஒரு மனுசனால?" என்று கேட்டாள் அவள். ஆனால் எழுந்திருக்க முயலவில்லை.

"அப்பம் குத்தகை இல்ல" என்றான் ஜாண்ரோஸ், சிந்துஜாவிடம். "அத சொல்லதுக்கு நீங்க இவ்வளவு தூரம் வரண்டாமே. போன்ல சொல்லியிருக்கலாம்."

அவள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்தகை இருக்குதுங்க."

"எதுக்கு? காலி மண்ணுக்கா?"

"மண்ணுக்கு இல்லைங்க. இனிமே அதுல வரப்போறதுக்கு. முன்குத்தகைன்னு பேரு. நிலம் உங்க ரெண்டு பேரோடது. நீங்க ரெண்டு பேரும் இதுலதான் அடக்கம் ஆவோம்னு எழுதிக் குடுக்கணும். எரிக்கக் கூடாது. வேற ஊருக்குக் குடி போகக் கூடாது. எலும்புக்குத் தகடு வைக்கிற ஆபரேசன் எதுவும் இனிமே பண்ணிக்கக் கூடாது. பெனிலாக்காவுக்கு ஒரு கழுவலுக்கு, உங்க ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் போதும்." கொஞ்சம் நிறுத்தி, தேவையில்லாத ஒன்றையும் சேர்த்தாள். படித்தவர்களுக்குத் துல்லியம் ஒரு வியாதி. "சாரோடதுல கொஞ்சம் அதிகம் இருக்கும். வளர்ற வயசுல சாப்பிட்டிருக்கீங்கல்ல."

ஜாண்ரோஸ் வகுப்பிலோ, விளையாட்டிலோ, வியாபாரத்திலோ முதலாவதாக வந்ததில்லை. அம்பத்திரண்டு வயதில் ஒன்றில் வந்துவிட்டான்.

"போடுவோமே" என்றான். "எப்படியும் சாவத்தான போறோம். எங்க படுத்தா என்ன? எழுதுத பேனா இருந்தா குடுங்க. அவள எப்பம் கூட்டிட்டுப் போவீங்க? அடுத்த வாரமா?"

சிந்துஜா கிளாஸை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

கிளாடிஸுக்குத்தான் முதலில் புரிந்தது. மூத்தவள் அல்லவா.

"பிள்ளே" என்றாள் சிந்துஜாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி. "ஒனக்க கம்பெனி எப்பம் கழுவும்? கையெழுத்துப் போட்ட அன்னைக்கா?"

"முதல் வரவு அன்னைக்குங்கம்மா."

"வரவுன்னா?"

"முதல்... அடக்கம்."

உள்ளே பெனிலா கட்டிலில் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. அவள் எப்போதும் அப்படித்தான் திரும்புவாள், முதலில் கை, பிறகு இடுப்பு, பிறகு கால், தவணை முறையில்.

"ஏழாம் மாசத்துக்கு முன்னால கழுவணும்னு சொன்னாவளே" என்றாள் கிளாடிஸ்.

"ஆமாங்கம்மா."

"இப்பம் அஞ்சு."

"ஆமாங்க." சிந்துஜாவின் கண் நிறைந்திருந்தது. "இதை எழுதினவங்க யாரும் இந்த ஊருக்கு வந்ததில்லைங்க. அவங்களைப் பொறுத்த வரைக்கும் இது ஒரு சாதாரண விதி. எல்லாக் குத்தகைக்கும் ஒண்ணேதான். நான் மாத்தச் சொல்லி எழுதிப் பார்த்தேன். நியாயமான கேள்வின்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான் வந்துச்சு."

அவள் கையிலிருந்த சாயாவை அப்போதுதான் பார்த்தாள். ஆறிப் போயிருந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் போட்டது. ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள். அவளால் முடிந்த மரியாதை அது.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போடாமல் இருந்தால் பெனிலாவுக்கு ஒரு வழியும் இல்லை. போட்டால் ஒரு வழி இருந்தது, அது எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிந்துஜா படியிறங்கும்போது, "ரெண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கங்க" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாண்ரோஸ் அவளைத் தேற்றும் விதமாக, "பரவால்ல பிள்ளே, பழக்கதோசம்" என்றான்.

வெயில் தாழ்ந்த பிறகு கிளாடிஸ் சொன்னாள்: "என்னைய விளைக்குக் கூட்டிட்டுப் போல."

"மேடும் பள்ளமும் அக்கா. ஒனக்கு ஆவாது."

"ஆவாட்டா நல்லதுதான?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாக்கரை நகர்த்த ஆரம்பித்திருந்தாள். அவன் ஒரு கையால் அவளையும் ஒரு கையால் வாக்கரையும் பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப் போனான். எவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறோம் என்பது பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது. விட்டுவிட முடியவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நிமிர்த்தி வைத்த சிலுவைக்குக் கீழே யாரும் இல்லாமல் அப்பாவின் கல்லறை இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் இடம். கிளாடிஸ் அதை வாக்கரால் அளந்தாள், கடையில் பாய் வாங்குகிறவள் அளப்பதுபோல.

"எனக்கு இந்தப் பக்கம் கொள்ளாம், நல்ல எடம். காத்து வரும்."

"அது நான் பாத்து வச்ச எடம்."

"சவத்த விடு. வயசுன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு அறுபத்தொண்ணு."

"எனக்கதுல சரக்கு கூடுதல். அந்தப் பிள்ளையே சொல்லிச்சு."

"கூடுதல் எதுக்குல? போதும்னா போதும். நீ வேணும் அவளுக்கு. பிள்ள பொறந்தா தூக்கதுக்கு ஆள் வேண்டாமா? என்னால தூக்க முடியுமா? சொல்லு."

அவனுக்குச் சொல்லப் பதில் இருந்தது. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தது யார், பிரசவ வீட்டில் ஓர் ஆண்பிள்ளை எதற்கு, தடுக்கி விழுவதற்காவது என்னால் ஓட முடியும், உன்னால் நடக்கவே முடியாதே, இப்படி எவ்வளவோ. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வரக்கூடிய குரல் ஒன்றே ஒன்றுதான். அதுதான் வந்தது.

"கிளாடிஸ் அக்கா கேட்டாச்சு" என்றான். "வேற ஆரும் கூட்டிக் கேக்கணும்னா கேக்கலாம். ஒருதரம்."

அவள் விலாவில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேக்கதுக்கு ஆள் இருக்கா இங்க?"

"நான் இருக்கேன்லா."

"ஏலம் விடுதவன் கேக்கக் கூடாது. அது கோயில் சட்டம். நீயே சொல்லுவ."

அது உண்மைதான். இத்தனை வருடமாக அவன் ஒரு வாழைக்குலையைக்கூடத் தனக்கென்று கேட்டதில்லை.

வீட்டுப் பின்வாசலில் பெனிலா வந்து நின்றாள். அவன் குரல் அங்கேவரை கேட்டிருக்கிறது. "அப்பா! அங்க என்ன ஏலம்?"

"ஒண்ணுமில்ல பிள்ளே. இங்க வராத. மேடு பள்ளம்."

"மாமி விழுந்திருவாவ. பிடிச்சுக்கோங்க."

"பிடிச்சிருக்கேன்."

பெனிலா ஒரு கையைக் கதவுநிலையிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று அவர்களைப் பார்த்தாள். மைதானத்தில் அஜின் குதித்தான், பந்து விழுந்தது, யாரோ கைதட்டினார்கள்.

"ரெண்டுதரம்" என்றாள் கிளாடிஸ், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

ஜாண்ரோஸ் அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றான். வாழ்க்கையில் எத்தனையோ அமைதியை அவன் பிடித்து வைத்திருக்கிறான். இவ்வளவு நேரம் எதையும் பிடித்ததில்லை.